மெய்ம்மறை



சிறையிலிருந்த தூய பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், போர்வீரன் ஒருவனின் படைக்கலங்களை வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் மார்புக்கவசத்தை நீதிக்கு ஒப்பிடுகிறார். ஏன் நீதி? இன்று அதைச் சிந்திப்போம்.

அக்கால உரோமை வீரர் பலர் அணிந்தது இரும்பு வளையக் கவசம். நாம் போடும் மோதிரத்தைவிடச் சிறிய வளையங்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு வளையமும் சுற்றியுள்ள நான்கு வளையங்களோடு கோக்கப்பட்டிருக்கும். தனி வளையம் எதையும் தடுக்காது. கோத்துக்கொண்டால் வாளே வழுக்கும். வெட்டு மேலிருந்து விழும் என்பதால் தோளில் இரண்டு அடுக்கு. மொத்த எடை ஏறத்தாழ 10 கிலோ. அத்தனையும் தோளில் தொங்கினால் ஆள் சோர்ந்துவிடுவான். இடுப்பில் கச்சையை இறுக்கிக் கட்டினால், பாரத்தில் ஒரு பங்கை இடுப்பு தாங்கும். பவுலடியாரும் உண்மை என்னும் கச்சையை முதலில் கட்டச் சொல்லிவிட்டுத்தான் நீதி என்னும் கவசத்துக்கு வருகிறார். உண்மையை மறைப்பவரால் நீதியை நெடுந்தூரம் சுமக்க முடியாது.

இந்தக் கவசம் யாரைக் காக்க? எசாயா நூலின் 59ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நாட்டில் நீதி இல்லை, தலையிட்டுத் தடுக்க ஆளும் இல்லை என்று கண்ட ஆண்டவர், தாமே நீதியைக் கவசமாக அணிகிறார். ஆண்டவரை எந்த அம்பு துளைக்கும்? தமக்காக அல்ல, கேட்க நாதியற்றவர்களுக்காகவே அவர் அதை அணிகிறார்.

நம் முன்னோர் கவசத்துக்கு வைத்த பெயர் மெய்ம்மறை, அதாவது உடலை மறைத்துக் காப்பது. பதிற்றுப்பத்துப் புலவர்கள் சேர மன்னனையே அவன் வீரர்களின் மெய்ம்மறை என்று அழைத்தார்கள். அந்நூலின் எட்டாம் பத்து, நம் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகிறது. ஆக, ஒரு மனிதர் மற்றவருக்குக் கவசமாகலாம் என்பது இந்த மண்ணுக்குப் பழைய செய்தி. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களும் அதையே சொல்கின்றன. ஊராரின் மாடுகளை மீட்கப் போய் மாண்டவர்களை ஊர் கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறது. தன் உயிரை மட்டும் காத்துக்கொண்டவருக்கு எவரும் கல் நடவில்லை.

அன்பானவர்களே, மாடுகளுக்காக உயிர் கொடுத்த மண்ணில் பெண் குழந்தைகளின் நிலை என்ன? 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்துக்கும் தேவைப்பட்டது. இன்றும் வயிற்றில் வளர்வது ஆணா பெண்ணா என்று மறைவாகப் பார்க்க அலைபவர்கள் இருக்கிறார்கள். 18 வயது நிறையாத பிள்ளைக்கு முகூர்த்தம் குறிப்பவர்களும் இருக்கிறார்கள். ‘நமக்கு ஏன் வம்பு’ என்று ஊரே மொய் எழுதிவிட்டுத் திரும்பினால், அந்தப் பிள்ளைக்கு மெய்ம்மறை யார்?

தனியே பேச அச்சமாக இருக்கலாம். தனி வளையம் அறுந்து போகும். அதனால்தான் நமக்கு அன்பியம் இருக்கிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போவோம். பெற்றோரிடம் பக்குவமாக உண்மையைப் பேசுவோம். பிள்ளையின் படிப்புக்கு வழி தேடுவோம். அவர்கள் கேளாவிட்டால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைப்போம்.

நீதியை அணிந்த ஆண்டவர் நம்மை ஒருவரோடு ஒருவர் கோத்து, எளியோருக்குக் கவசமாக்குவாராக. ஆமென்.