அடுப்படியே முதல் வைத்தியசாலை!

நடுவர் அவர்களே, மாத்திரை டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அந்தியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

'குடும்ப ஆரோக்கியத்தைப் பெரிதும் காப்பது மருந்தா? அடுப்படியா?' இதுதான் தலைப்பு. "அடுப்படியில என்னங்க வைத்தியம் இருக்கு?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். இருக்குதுங்க!

வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு நின்றால் சுகம். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோய் என்பது சித்த வைத்தியம். திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் 'மருந்து'. அதில் முதல் குறள் இதைத்தான் சொல்லுது. அடுத்த ஆறு குறளும் மருந்தைப் பற்றியா? இல்லீங்க, சாப்பாட்டைப் பற்றி! வைத்தியருக்கு வேலை வருவதே எட்டாவது குறளில்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

நாம மூன்று என்றோம். சீனாக்காரர் யின், யாங் என்று இரண்டாக வைத்தார். யின் என்றால் மலையின் நிழல் பக்கம். யாங் என்றால் வெயில் பக்கம். நம்ம பர்கூர் மலையைப் பாருங்க. காலையில் வெயில் விழுந்த சரிவு சாயங்காலம் நிழலாகும். இதில் எது நல்லது, எது கெட்டது? இரண்டும் சேர்ந்தால்தான் மலை! அதுபோலச் சூடும் வேணும், குளிர்ச்சியும் வேணும். ஒன்று மிஞ்சினா இன்னொன்றைக் கூட்டணும்.

இதைப் படிக்காமலே செஞ்சவங்க நம்ம அப்பத்தாக்கள். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வர்ற குதிரைக்குக் கொள்ளு. நம்ம வீட்டிலும் கொள்ளுப் பருப்பு! ஆனா கொள்ளு சூடுன்னு பக்கத்திலேயே மோரை வெச்சாங்க. சளியா? கொள்ளு ரசம். வெயிலா? கம்மங்கூழ். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று ஆளைப் பார்த்து அளந்தாங்க.

அதுக்காகக் காய்ச்சல் நிக்காத குழந்தைக்குக் 'சூடுதான்'னு கஷாயம் கொடுத்துக்கிட்டே உட்கார்ந்திராதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. நோய் வந்த பிறகு மருந்து. வராமல் காப்பது அடுப்படி. அதுதான் எங்கள் கட்சி.

ஆனா நடுவர் அவர்களே, ஒரு தராசு மட்டும் நம்ம வீட்டில் சாய்ஞ்சே கிடக்குது. மாமனாருக்குச் சூடு ஆகாது, பையனுக்குக் குளிர்ச்சி ஆகாது என்று எல்லாருக்கும் பார்த்துப் போடுறாளே, அந்த அம்மிணி எப்பச் சாப்பிடுறா? கடைசியில, வழிச்ச சட்டியில மிஞ்சுனதை! 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்குப் பாதிக்கு மேலுங்க!

"இரும்புச்சத்து மாத்திரை இருக்கே!" என்று எதிரணி கை தூக்கும். தாராளமாகக் கொடுங்க. மாத்திரையை டாக்டர் தருவார். ஆனா முருங்கைக்கீரையையும் முட்டையையும் அவள் தட்டில் யாருங்க வைக்கிறது? (பலத்த கைதட்டல்)

ஐயா, உடம்புக்குள் வாதமும் பித்தமும் சமமானால் மட்டும் போதாது. சமைத்தவளும் சாப்பிடுகிறவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்தான் அந்த வீட்டுக்குச் சமநிலை. அதை ஆரம்பிக்கிற இடம் மருந்துக்கடை அல்ல, அடுப்படியே என்று தீர்ப்புத் தாருங்கள்!