முகமூடி போட்ட ஊர்

முகமூடியும் அடையாளமும் பற்றி இணையதளம் வடிவமைக்கிற மாணவர்கள் என்னைக் கேட்டால், இத்தாலியின் வெனிஸ் நகரத்து ‘பவுட்டா’வை முகப்பில் போடச் சொல்வேன். வெள்ளை முகமூடி அது. கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம், குரலும் மாறிப்போகும். மேலே கறுப்பு அங்கி, முக்கோணத் தொப்பி. உள்ளே இருப்பது பிரபுவா, வியாபாரியா, ஆணா, பெண்ணா? யாருக்கும் தெரியாது.

அங்கே 1638-இல் அரசாங்கமே ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. ஆட வருகிறவர்கள் முகமூடி போட்டே ஆகவேண்டும். சீட்டுப் போடும் பிரபு மட்டும் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருப்பார். தோற்றவன் யாரென்று தெரியாது. பணத்தை வாரிக்கொண்டவர் யாரென்று ஊருக்கே தெரியும்! ஒழுக்கம் கெடுகிறதென்று 1774-இல் அரசாங்கமே விடுதியை மூடியது. அப்போது முகமூடிக்கு மட்டும் தடை வரவில்லை.