கூத்து மேடையில் கிட்டாருக்கும் இடம் கொடுங்கள்

உத்திரமேரூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

நம் ஊர் மேடைகளில் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று பாட்டைப் பற்றிப் பேச அனுமதி கொடுங்கள். "பசங்க கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஒரே சத்தம், இதெல்லாம் நம்ம இசையா?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டெல்லியில் 1990-இல் 'இந்தியன் ஓஷன்' என்ற ராக் குழு பிறந்தது. சுஷ்மித் சென் கையில் அக்கூஸ்டிக் கிட்டார். அஷீம் சக்ரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். பிறகு பேஸ் கிட்டாரோடு ராகுல் ராமும், டிரம்ஸோடு அமித் கிலமும் வந்து சேர்ந்தார்கள்.

டிரம்ஸ் முழங்கும் மேடையில் மரக்கிட்டார் வாசிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மைக் செட் போடும் அண்ணன்மாரைக் கேளுங்கள், சொல்வார்கள். ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் மரப்பெட்டியை அதிரவைக்கும். அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்கே போகும். உடனே ஊளைச் சத்தம் கிளம்பிவிடும். ராக் குழுக்களில் பெரும்பாலோர் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சுஷ்மித் மரத்தின் நாதத்தை விடவில்லை. அவர் விரல்களில் ராகச் சாயல் ஓடும். அப்போது அதுதான் அந்தக் குழுவின் உயிராக இருந்தது என்பேன்.

2000-இல் வந்த 'கண்டிசா' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாட்டு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் அரமேய மொழியில் பாடும் பழைய வழிபாட்டுப் பாடல். அதே ஆல்பத்தில் 'மா ரேவா' இருக்கிறது. அது நர்மதை ஆற்றை வணங்கும் நாட்டுப்பாட்டு. நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் மக்களோடு நின்றவர் ராகுல் ராம். அந்தப் பாட்டு அங்கிருந்துதான் மேடை ஏறியது.

டெல்லி தூரம் என்றால் சென்னைக்கு வாருங்கள். 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினார்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற சிந்தனையிலிருந்து வந்தது.

சரி, நம் கூத்துக்கு வருவோம். கட்டைக்கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் பாட்டு எடுப்பார்களா? அது ஐரோப்பாவில் பிறந்த பெட்டி. இன்று அதை யாராவது அந்நியம் என்கிறோமா? சத்தம் என்கிறீர்கள். முகவீணையும் டோலக்கும் மிருதங்கமும் விடிய விடிய முழங்க, வேடக்காரரின் குரல் கடைசி வரிசை வரை பாய்கிறதே, அதைவிடவா சத்தம்? உரத்துப் பாடுவது நம் மண்ணின் வழக்கம். அதை நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சினிமாப் பாட்டை அப்படியே வாசித்தால் போதாது. முகவீணை ஊதும் பெரியவரிடம் போய் உட்காருங்கள். நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திரௌபதி அம்மன் திருவிழா நடத்தும் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கூத்து தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்கு மேடை கொடுங்கள். கூத்து வாத்தியக்காரர்களையும் அவர்களோடு உட்கார வையுங்கள். அடுத்த விழா நோட்டீஸில் இவர்கள் பெயரும் அச்சாகட்டும்.