காற்றைத் திருப்புவது எது?



ஆனி, ஆடியில் பாலைக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்குள் புகும் கோடைக்காற்றின் பிறப்பிடம் எது? நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, குமரிமாக்கடல். அங்கு அது தென்கிழக்கிலிருந்து வீசுங் காற்று. வெயிலில் வெந்த வடநிலம் ஈர்க்க, கோட்டைக் கடந்ததும் தென்மேற்குக் காற்றாகிவிடுகிறது. அதனைத் திருப்பியது நம் நிலவுலகின் சுழற்சியே!

நடுக்கோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,040 கல் விரைவில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. 60 பாகையிலோ அதிற் பாதியே. கோட்டினின்று வடக்கே செல்லுங் காற்று அம் மிகுவிரைவைத் தன்னொடு கொண்டு செல்வதால், அடிநிலத்தை முந்திக் கிழக்கே, அஃதாவது தன் வலப்புறம், விலகுகிறது. தென்பாதியில் விலக்கம் இடப்புறம்.

சுழற்சியால் வரும் இவ் விலக்கத்தின் கணக்கை 1835-இல் எழுதியவர் கோரியோலிசு என்னும் பிரெஞ்சு அறிஞர். ஆங்கிலத்திலா எழுதினார்? தம் தாய்மொழியில் எழுதினார்! அறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது என்பார், கொண்டல், தென்றல், கோடை, வாடை எனத் திசைக்கொரு பெயரிட்ட மொழியையா குறைகூறுவது?

புயலுக்கு வருவோம். வங்கக்கடலில் நடுவை நோக்கிப் பாயுங் காற்று, எத்திசையினின்று வரினும் வலப்புறம் விலகுவதால், புயல் இடஞ்சுழியாய்ச் சுழல்கிறது. நடுக்கோட்டின்மேல் இவ் விலக்கம் இல்லை. அதனையொட்டிப் புயல் தோன்றுவதும் மிக அரிது.