சமுதாயக் கல்லூரியிலிருந்து பட்டப்படிப்புக்கு
(கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நமது மஹல்லாப் பிள்ளை ஒருவர் பிளஸ் டூ முடித்ததும், மூன்றாண்டுப் படிப்புக்கு வீட்டில் வசதியில்லாமையால், ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுச் சில்லறை வணிக டிப்ளமோவில் சேர்ந்தார். சேரச் சொன்னவர்களே நாம்தாம். பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிடங்கு வேலைக்குச் சென்றார். கையில் சிறிது பணம் சேர்ந்ததும், பி.பி.ஏ. இரண்டாமாண்டில் இடம் கிடைக்கும் என்று நம்பி ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். "இந்தச் சான்றிதழை எங்கள் பல்கலைக்கழகம் கணக்கில் கொள்ளாது, முதலாமாண்டில் சேருங்கள்" என்று கூறிவிட்டனர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. சேருமுன் கேட்டிருக்க வேண்டியதை நாம் கேட்கவில்லை.

சமுதாயக் கல்லூரி அமெரிக்காவில் தோன்றிய ஏற்பாடாகும். 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் கல்லூரி அவற்றுள் மூத்தது. அங்கு ஊர்ப்பக்கத்துக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டத்தின் மூன்றாமாண்டுக்கு மாறிச் செல்கின்றனர். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதைப் பல இடங்களில் இரு நிறுவனங்களும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன. அதைப் பாராமல் பாடம் தேர்ந்தவர்கள் அங்கும் ஆண்டுகளை இழப்பதுண்டு.

நம் பக்கத்தில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. படிப்பை இடையில் விட்டவர்களுக்குத் தொழில் கற்பித்து வேலைக்கு அனுப்புவதே முதல் நோக்கம். பட்டப்படிப்புக்கு மாறுவது பிற்பாடு எழுந்த பேச்சு. பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்வதைக் கண்டு, வணிகப் படிப்பிலும் எல்லா டிப்ளமோவுக்கும் அப்படியே என்று நாம் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம்தான் அந்தப் பிள்ளையையும் ஏமாற்றியது.

வழி இல்லாமலில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்த பி.வோக். திட்டத்தில் ஓராண்டோடு நின்றால் டிப்ளமோ, ஈராண்டில் உயர் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். ஒரே கல்லூரிக்குள் படிகள் இருப்பதால் மாறிச் செல்லும் தொல்லை குறைவு. 2021-இல் வந்த கிரெடிட் வங்கி விதிகளின்படி, பெற்ற கிரெடிட்டுகளை ஏழாண்டு வரை சேமித்து வைக்கலாம். ஆனால் வங்கியில் பதிவு செய்துகொண்ட நிறுவனங்களுக்கிடையே மட்டுமே அது செல்லும். சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் சம்மதமும் வேண்டும். ஆகவே, கட்டணம் கட்டுமுன், "இந்த டிப்ளமோவை எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டத்தில், எந்த ஆண்டுக்கு ஏற்கிறது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், நாங்கள் சொன்னாலும்தான்.

பிளஸ் டூ முடிக்காதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக நேரே பட்டம் பெற்றவர்கள், 2009-ஆம் ஆண்டு அரசாணையால் தமிழ்நாடு அரசுப் பணியில் அந்தப் பட்டம் செல்லாது என்றறிந்து கலங்கினார்கள். பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசை அங்கே முக்கியம். தனித்தேர்வராகவேனும் பிளஸ் டூவை முடித்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரமும் ஒரு சிக்கல். சிப்காட்டிலோ தடா பக்கம் ஸ்ரீசிட்டியிலோ ஷிப்ட் முடித்து வருபவர், பொன்னேரி அரசு கல்லூரிக்குப் பகலில் ரயிலேறுவது எப்படி? அந்தப் பிள்ளை வேலையை விடாமல், தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. முதலாமாண்டில் சேர்ந்துவிட்டார். ஓராண்டு போயிற்று என்று அவருடைய தாயார் நம்மிடம் சொன்னபோது, நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

இனி ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் குழுவினர் இருவர் அமர்ந்திருப்பர். கல்லூரியில் சேருமுன் விளம்பரத்தாளையும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களின் நகலையும் கொண்டு வாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை அங்கேயே எழுதித் தருகிறோம். தபால் செலவு குழுவினுடையது.