ஒட்டிய பெயரும் கிழித்த கையும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூலகத்தில் எந்தப் புத்தகம் எதன் பக்கத்தில் நிற்கும் என்பதை அதன் முதுகில் ஒட்டிய எண் தீர்மானிக்கிறது. டூயி பகுப்பு முறை 1932-இல் தன்பாலின ஈர்ப்பை மனக்கோளாறுகளின் கீழ் வைத்தது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகமோ பாலியல் குற்றங்களோடு சேர்த்து அடுக்கியது. தன்னைப் பற்றி அறியப் புத்தகம் தேடி வந்தவனுக்கு அலமாரியே தீர்ப்புச் சொன்னது: நீ நோயாளி, நீ குற்றவாளி!

எதிர்த்து எழுந்தவர்கள் நூலக ஊழியர்களே. 1970-இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் குழு அமைத்தார்கள். 1971-இல் சான்ஃபோர்டு பெர்மன் இத்தகைய தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி நூலெழுதினார். 1972-இல் காங்கிரஸ் நூலகம் தனி வகுப்பு தந்தது. மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலைத் திருத்தியது 1973-இல்தான்!

ஊர்விட்டு வந்த நமக்குப் பிறர் ஒட்டும் பெயரின் பாரம் தெரியும். வேலையிடத்தில் சங்கமாய் நின்றால் அதைக் கிழிக்கலாம்.