தலைமை ஓர் அமானிதம்



"சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, கழகம் எதற்கு?" என்று பிள்ளையைத் தடுப்போர் நம்மிடையே பலர்.

1962 இல் ரோட்டரி இயக்கம் ஆரம்பித்த இன்டரக்ட் கழகம், 12 முதல் 18 வயது வரையான மாணவருக்குரியது. இலங்கைப் பாடசாலைகள் பலவற்றிலும் அது இயங்குகின்றது. அங்கே செயலாளராகும் மாணவி கூட்டறிக்கை எழுதி, சபை முன் வாசித்து, திருத்தங்களை ஏற்கப் பழகுகின்றாள். பொருளாளராகும் மாணவன் பிறர் பணத்துக்குச் சதம் தவறாமல் கணக்குக் காட்டுகின்றான். தாம் தோற்ற வாக்கெடுப்பின் முடிவுக்கும் மனமுவந்து கட்டுப்பட இருவரும் கற்கின்றனர்.

இவற்றைப் பரீட்சைத்தாள் கேட்பதில்லை, வாழ்க்கை கேட்கும். நாளை நமது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நேர்மையான பொருளாளர் வேறெங்கிருந்து வருவார்?

பெற்றோரே, வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென விட்டுக்கொடுங்கள். பிள்ளைகளே, பதவியைப் பெருமையாகவன்றி அமானிதமாகச் சுமந்திடுங்கள்.